எட்டுக் கேள்விக்குறிகள்

யார் என்ன முறைப்பாடு கொண்டுவந்தாலும் பர்ஸானா முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "நேத்து வேல செஞ்சதா?"

செய்தது என்று பதில் வந்தால் அந்தக் கணமே அது எங்கள் பொறுப்பாகிவிடும். வாடிக்கையாளர் எதை எப்படிப் பாவித்தார், கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, இடையில் நாங்கள் மென்பொருளின் ஒரு புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறோம். அவருக்கு அது போதும்.

போன மாதம் நுவன் தொலைபேசியில் அழைத்தான். என்னோடு பல வருடம் வேலை செய்தவன். இப்போது எங்கள் பழைய மென்பொருள் நிறுவனத்தில் பொறியியலாளர்களுக்குத் தலைவன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் அவனோடு ஓயாமல் வாதாடுகிறார்களாம். ஆவணத்தில் எங்கும் சொல்லாத ஒன்றை நம்பி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால், அது மாறும்போது நாங்கள் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. "அங்கிள், அந்த மரண அறிவித்தல் கதைய நீங்களே தமிழ்ல எழுதி அனுப்புங்க. நான் சிங்களத்தில சொல்லி முடியல்ல" என்றான். ஓய்வுபெற்றவனுக்கு இதைவிட வேறு என்ன வேலை? எழுதுகிறேன் என்றேன்.

நான் கணினி படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுநராகச் சேர்ந்தேன். அங்கே முதற் கணினிகள் வந்து இறங்கியபோது பெட்டிகளைப் பிரித்தவர்களில் ஒருவனாக நின்று, அப்படியே அந்த வேலைக்குள் விழுந்துவிட்டேன். மாலை வகுப்புகளில் கொஞ்சம், பழுதாக்கிப் பார்த்துக் கொஞ்சம் என்று கற்றுக்கொண்டேன். அந்த நிலையம் கைமாறியபோது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. மருத்துவ நிலையங்கள், அச்சகங்கள், களஞ்சியங்கள் போன்ற இடங்களுக்கு சேர்வர் அமைத்துக் கொடுத்து, அவற்றுக்குப் புதிய பதிப்புகளை அனுப்பிப் பராமரிப்பது அவர்களுடைய தொழில். ரயில் போகும்போதெல்லாம் மேசையில் பிளேன்டீக் கோப்பை நடுங்கும்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்த பர்ஸானா என்னைவிட ஏறக்குறையப் பதினைந்து வயது இளையவர். மாளிகாவத்தை மாடிவீடுகளில் வளர்ந்தவர். புலமைப்பரிசில் கிடைத்துப் பல்கலைக்கழகம் போய், வெளிநாட்டு வேலை ஒன்று கைக்கெட்டியும் போகாமல் இங்கேயே நின்றுவிட்டவர். நான் அவரை "மிஸ்" என்பேன். அவர் என்னை "ஜெராட் அங்கிள்" என்பார். தொடக்கத்தில் இருவருக்குமே அது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போனது.

முறைப்பாடு சொல்ல ஒருவர் தொலைபேசியில் வந்தால் பர்ஸானா எழுந்து நின்றுதான் கதைப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "கதிரையில இருந்தா கை தானா கீபோர்டுக்குப் போயிடும் அங்கிள். பொறகு அவங்க சொல்றது காதுல விழாது" என்றார். யாரையும் இடைமறிக்க மாட்டார். பிரச்சினையைச் சொல்லி முடித்தவரிடம், "சரி, இப்ப காலைல வந்து சேர்வரப் போட்டதுல இருந்து என்ன செய்வீங்க எண்டு சொல்லுங்க" என்று மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்பார். பிறகுதான் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் இரண்டு பத்திகள் போடுவார். ஒன்றின் தலையில் "முன்பு", மற்றதில் "இப்போது". அந்த இரண்டுக்குள்ளும் நடந்ததை மட்டுமே எழுதலாம். யாருடைய பிழை என்று எழுத மூன்றாவது பத்தி கிடையாது.

அவருடைய ஒழுங்கும் மாறாது. முதலில் பழைய பதிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் வேலை ஓடத் தொடங்கிய பிறகுதான் காரணத்தைத் தேடலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இது எளிதல்ல. காரணம் தெரியாமல் பின்வாங்குவது தோல்வி மாதிரி இருக்கும். பழுதை அப்படியே வைத்துக்கொண்டு அதை நோண்டத்தான் கை துடிக்கும். அந்த ஆசையைப் பர்ஸானா ஒரு நாளும் அனுமதித்ததில்லை.

கதைக்குப் போகும் முன் ஒரு சொல்லை விளக்க வேண்டும். ஒரு கணினியிலோ வன்தட்டிலோ இருக்கும் கோப்புறையை இன்னொரு கணினியில் இணைத்து, அங்கேயே இருப்பதுபோலப் பாவிக்க வைப்பதை நாங்கள் மவுண்ட் செய்வது என்போம். அடுத்த வீட்டு அலுமாரியை உங்கள் வீட்டுச் சுவரில் கதவு வெட்டித் திறப்பதுபோல. திறக்கும்போது சில நிபந்தனைகளைச் சொல்லலாம்: வாசிக்க மட்டும், எழுதவும் ஆம், பெயர்களை இந்த எழுத்துமுறையில் படி, இப்படி. இவைதான் மவுண்ட் ஒப்ஷன்கள். அவற்றில் சிலவற்றுக்குக் கையேட்டில் விளக்கம் உண்டு. சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஆனால் ஏதோ ஒன்று நடக்கும். அந்த ஏதோ ஒன்றின் மேல் மனிதர்கள் தங்கள் தொழிலைக் கட்டிவிடுவார்கள்.

ஒரு பல் வைத்திய நிலையத்தில் அப்படித்தான் நடந்தது. எக்ஸ்ரே படங்கள் விழும் கோப்புறையை யாரோ ஒரு காலத்தில் இன்னோர் இடத்தில் இணைத்தபோது "வாசிக்க மட்டும்" என்று எழுதிவிட்டார்கள். அந்த மாதிரி இணைப்பில் பழைய பதிப்பு அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாது. ஆகவே எக்ஸ்ரே இயந்திரம் வருடக் கணக்கில் அங்கே படங்களை எழுதிக்கொண்டே இருந்தது. நாங்கள் அனுப்பிய புதிய பதிப்போ சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொண்டது. படம் ஒன்றும் பதியவில்லை. நுவன் அப்போது புதியவன். எழுதியிருந்த வரியைக் கண்டதும், "தென் தமய் ஹரி, மிஸ்" என்றான். இப்போதுதான் சரியாக நடக்கிறது என்று பொருள்.

பர்ஸானா சிரிக்கவில்லை. "நுவன், அந்த டொக்டர்ட கதிரையில ஒருத்தர் வாயத் தொறந்துகொண்டு ஈக்கிறார். அவர்ட்டப் போய்ச் சொல்லுங்க, இப்பதான் சரி எண்டு."

நுவன் பழைய பதிப்பைத் திருப்பி வைத்தான். அதன்பின் அவன் "தென் தமய் ஹரி" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்தப் பத்திரிகைக் கதை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தமிழ் நாளிதழும் இருந்தது. அதன் விளம்பரப் பிரிவுக்கு நான்தான் சேர்வர் அமைத்தேன். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து எதுவானாலும், விளம்பரங்களை ஏற்கும் கருமபீடத்தில் இருப்பவர்கள் படத்தை ஒரு பொதுக் கோப்புறையில் போட்டு, அதற்கு உரியவரின் பெயரைத் தமிழிலேயே வைப்பார்கள். பக்கம் வடிவமைப்பவர் அறிவித்தலில் பெயரை அடித்ததும் எங்கள் சேர்வர் அந்தப் பெயருள்ள படத்தைத் தேடி எடுத்துக் கட்டத்துக்குள் வைத்துவிடும். கோப்புறை இருந்தது வலையமைப்பில் இணைத்த பழைய சேமிப்புப் பெட்டி ஒன்றில். எங்கள் சேர்வர் அதை மவுண்ட் செய்து படித்தது. வருடக் கணக்கில் ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு காலை என் மனைவி ரீட்டா பத்திரிகையை விரித்தபடி குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்க, இது பிலோமினா அக்கா இல்லையே!"

பிலோமினா கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். முதல் நாள் இறந்துபோனார். அறிவித்தலில் பெயர் சரி, பிள்ளைகளின் பெயர்கள் சரி, அடக்கம் நடக்கும் நேரமும் சரி. படத்தில் இருந்ததோ எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. பட்டுச் சேலை, பொட்டு, மூக்குத்தி, நல்ல சிரிப்பு.

மரண வீட்டுக்குப் போனேன். பிலோமினாவின் மகள் டிலானி பத்திரிகையை மடித்து மடியில் வைத்திருந்தார். அவர் அழுதது தாய்க்காகவா அந்தப் படத்துக்காகவா என்று பிரித்தறிய முடியவில்லை. "அங்கிள், அம்மா ஒரு நாளும் பேப்பர்ல வந்ததில்ல. வந்த ஒரே நாள்ல வேற ஆள்ட முகம்" என்றார். அவருடைய தம்பி பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்திருந்தான். பக்கம் செய்த பெண் படத்தை மாற்றி வைத்துவிட்டதாகவும், அவளை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கப்போவதாகவும் பதில் வந்ததாம்.

பக்கம் செய்த பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் விஜயராணி. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை செய்பவர். ஒரு பெயரை அடித்தால் அதை வாய்க்குள் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அந்த வாரம்தான் நாங்கள் அந்த சேர்வருக்குப் புதிய பதிப்பை அனுப்பியிருந்தோம் என்பதும் எனக்குத் தெரியும். மரண வீட்டு வாசலில் நின்றபடியே பர்ஸானாவுக்கு அழைத்து இரண்டையும் சொன்னேன்.

"அந்த வேல நேத்துவரைக்கும் சரியா நடந்ததா அங்கிள்?"

"அப்டேட்டுக்கு முந்தி ஒரு நாளும் இப்பிடி நடக்கல்ல, மிஸ்."

"நான் இப்பவே திருப்பி வைக்கச் சொல்றன். நீங்க ஒபிஸுக்கு வாங்க."

நான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்வதற்குள், பத்திரிகையில் மட்டுமல்ல, இப்படிக் கோப்புறைகளை மவுண்ட் செய்திருந்த எல்லா இடங்களிலும் பழைய பதிப்பைத் திருப்பிவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பர்ஸானா எங்கள் நிறுவனத்தின் சொந்தக்காரரான மகேந்திரனின் அறையில் நின்றார். மகேந்திரன் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

"அவங்க எங்கள ஒண்டும் கேக்கவே இல்லையே, பர்ஸானா. காரணமும் தெரியாது. நாங்களாப் போய்க் கழுத்த நீட்டுறதா? இத நம்பி இங்க எத்தின குடும்பம் இருக்கு?"

"அங்க ஒரு பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சேர். அவவும் ஒரு குடும்பத்துக்குச் சல்லி அனுப்புறவ."

மகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்ப் பாருங்க. ஆனா ஒண்டையும் ஒத்துக்கொள்ள வேணாம்" என்றார்.

பர்ஸானா பத்திரிகையின் விளம்பர முகாமையாளரை அழைத்து, நாங்கள் வருவதாகவும் விஜயராணியும் அங்கே இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் இல்லாமல் எங்களால் எதையும் பார்க்க ஏலாது என்று அழுத்திச் சொன்னார். புதிய பதிப்பு இருந்த சிறிய சோதனைக் கணினி ஒன்றையும் தூக்கிக்கொண்டு, முச்சக்கர வண்டியில் போனோம்.

விளம்பரப் பிரிவில் கருமபீடத்தார், முகாமையாளர், இன்னும் சிலர் கூடியிருந்தார்கள். விஜயராணி ஒரு கதிரையின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். வேறொரு தொல்லையும் அங்கே வந்து சேர்ந்திருந்தது. படத்தில் இருந்த பெண்மணி யார் என்று தெரிந்துவிட்டது. வெள்ளவத்தையைச் சேர்ந்த கமலாதேவி. அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துக்காகப் பிள்ளைகள் கொடுத்த படம் அது. அம்மா உயிரோடு, நல்ல சுகத்தோடு இருந்தார். காலையிலிருந்து அவருடைய வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து அழுகையும் தொலைபேசியுமாக வந்துகொண்டிருந்ததாம்.

"இது கண் இல்லாம செஞ்ச வேல" என்றார் முகாமையாளர்.

"இல்லங்க சேர்" என்றார் விஜயராணி. குரல் எழும்பவில்லை. "நான் பேரத்தான் அடிச்சேன். படம் தானா வந்து விழுந்திச்சு. எனக்கு அந்தம்மா மொகம் தெரியாதுங்களே."

பர்ஸானா ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். ஆனால் இருக்கவில்லை, வழக்கம்போல நின்றார். "நீங்க காலைல வந்ததுல இருந்து என்ன செய்வீங்க எண்டு எனக்குச் சொல்லுங்க. ஒண்டும் விட வேணாம்."

அவரை அன்றைக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பது விஜயராணியின் முகத்திலேயே தெரிந்தது. முதலில் தயங்கினார், பிறகு ஒழுங்காகச் சொன்னார். திரையைத் திறப்பது, அறிவித்தல்களை வரிசைப்படுத்துவது, பெயரை அடிப்பது, ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்துக்கொள்வது, எழுத்துப் பிழை பார்ப்பது. பொட்டைக் கண்டும் சந்தேகம் வரவில்லையா என்று முகாமையாளர் குறுக்கிட்டார். எங்கள் கொட்டாஞ்சேனையில் பொட்டு வைக்கும் கத்தோலிக்கப் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், என் மனைவி உட்பட, என்று நான் சொன்னேன்.

பர்ஸானா சோதனைக் கணினியை அதே கோப்புறையோடு இணைக்கச் சொன்னார். இணைத்தேன். "இப்ப நீங்களே அந்தப் பேர அடிங்க" என்று விசைப்பலகையை விஜயராணி பக்கம் தள்ளினார். விஜயராணி பிலோமினா என்று அடித்தார். வாய்க்குள் ஒரு தடவை வாசித்தார். தட்டினார்.

பட்டுச் சேலையும் மூக்குத்தியுமாகக் கமலாதேவி வந்து நின்றார்.

பழைய பதிப்பைத் திருப்பி வைத்திருந்த சேர்வரில் அதே பெயரை அடித்தார். பிலோமினா அக்கா வந்தார், எங்கள் பங்குத் திருவிழாவில் எடுத்த படத்தில்.

பர்ஸானா முகாமையாளரைப் பார்த்துச் சொன்னார். "பிழை எங்கட. எங்கட புது வெர்ஷன்ல. இவங்கட கையில இல்ல."

"ஏன் இப்பிடி வருது?"

"இன்னும் தெரியா."

"தெரியாம எப்பிடி ஒத்துக்கொள்றீங்க?"

"பழசுல சரி, புதுசுல பிழை. ஒத்துக்கொள்ள அது போதும். ஏன் எண்டு தேடுறது எங்கட வேல, அதுக்காக இவங்க வீட்ட இருக்க ஏலாது."

மகேந்திரன் சொல்லி அனுப்பியது எனக்கு நினைவு வந்தது. பர்ஸானாவுக்கும் வந்திருக்கும். அவருடைய குரலில் அது இல்லை. எத்தனையோ கெட்டிக்காரப் பொறியியலாளர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். காரணம் தெரிந்த பிறகு ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. காரணத்தைப் பெரிதாக விளக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. கையில் ஒரு விளக்கமும் இல்லாத நேரத்தில், ஒரு கூட்டத்தின் முன்னால், அப்படி நேராக நின்றவரை நான் வேறு பார்த்ததில்லை.

முகாமையாளர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விஜயராணியிடம், "நாளைக்கு வழமைபோல வாங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. விஜயராணி கைப்பையின் பிடியைத் தளர்த்தினார்.

மற்றவர்கள் கலைந்த பிறகு நான் சோதனைக் கணினியில் அந்தக் கோப்புறையின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. புதிய பதிப்புக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அது விளங்கியது. ஆனால் அத்தனை பெயர்களுக்குள் பிலோமினாவுக்குக் கமலாதேவி ஏன் வர வேண்டும்? அளவு ஒன்றாக இருக்குமோ என்று எண்ணினேன். பி, லோ, மி, னா. நான்கு எழுத்து. க, ம, லா, தே, வி. ஐந்து. பொருந்தவில்லை.

"மிஸ், எண்ணிக்கையும் ஒத்துவரல்ல" என்றேன்.

பர்ஸானா திரையைப் பார்த்தார். "நீங்க வாயால எண்ணுறீங்க அங்கிள். மெஷின் அப்பிடி எண்ணாது."

அப்போதுதான் உறைத்தது. கணினி தமிழைச் சேமிக்கும்போது கொம்பையும் காலையும் விசிறியையும் தனித்தனியாகத்தான் வைக்கும். விஜயராணியும் நானுமாக அங்கிருந்த பலகையில் பிரித்து எழுதினோம். பி என்பது இரண்டு, லோ இரண்டு, மி இரண்டு, னா இரண்டு. எட்டு. க ஒன்று, ம ஒன்று, லா இரண்டு, தே இரண்டு, வி இரண்டு. அதுவும் எட்டு. திரையில் இரண்டு பெயர்களுக்கும் எட்டு எட்டுக் கேள்விக்குறிகள். அந்தப் பழைய சேமிப்புப் பெட்டிக்கோ கேள்விக்குறி என்றால் "எந்த எழுத்தானாலும் சரி" என்று அர்த்தம். எட்டு இடமுள்ள ஒரு பெயரைக் கேட்டால், அகரவரிசையில் முதலில் அகப்பட்ட எட்டு இடப் பெயரைக் கொடுத்துவிடும். ப வரிசைக்கு முன்னால் க வரிசை. அதே அளவில் வேறு பெயர் இல்லாதபோது சரியான படமே வந்தது. அதனால்தான் மற்ற நாட்களில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ஐயோ, எத்தன பேர் தப்பிச்சிருக்காங்க" என்றார் விஜயராணி. அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தது அப்போதுதான்.

இனி, புதிய பதிப்பில் எது மாறியது என்று தேட வேண்டும். எங்கள் மென்பொருளின் அடித்தளம் உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைப்பது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க முடியாது. நடுவிலுள்ள ஒரு மாற்றம்வரை எடுத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் பழுது பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். மறுபடி அந்தப் பாதியின் நடுவில். நுவனும் நானும் இதைப் பொறுமையாகச் செய்தோம். அவன் சிங்களப் பெயர்களையும் போட்டுப் பார்த்தான். அவையும் கேள்விக்குறிகளாகவே வந்தன. அதன்பின் அவன் என்னைவிட வேகமாக வேலை செய்தான்.

கடைசியில் அகப்பட்டது மிகச் சிறிய ஒரு மாற்றம். பெயர்களை எந்த எழுத்துமுறையில் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு மவுண்ட் ஒப்ஷன் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துமுறையைப் பழைய பதிப்பு தானாகவே எடுத்துக்கொள்ளும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. யாரோ ஒருவர் நிரலைத் துப்புரவாக்கும்போது அந்த வரிகளை அவசியமற்றவை என்று எடுத்துவிட்டார். அதன்பின் ஒன்றும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு பழைய அட்டவணையை அது எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

மகேந்திரன் கேட்டதும் நிம்மதியடைந்தார். "அப்ப எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அந்த ஒப்ஷனப் போட்டுவிட்டா முடிஞ்சுதே."

"போட்டாச்சு சேர்" என்றார் பர்ஸானா. "ஆனா முடியல்ல. எங்கட ஆக்கள் இல்லாத எடத்துலயும் பேர் வைப்பாங்க."

ஆனால் அடித்தளத்தை எழுதுபவர்களுக்கு அறிவிக்கும் முன் அவர் இன்னொன்றைச் செய்தார். இரண்டு வீடுகளுக்கும் தானே போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. டிலானி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கொம்பியூட்டர் பிழை எண்டா யாரோட கோவிக்கிறது?" என்று கேட்டார். "என்னோட கோவியுங்க" என்றார் பர்ஸானா. டிலானி கோபிக்கவில்லை. சரியான படத்தோடு அறிவித்தல் மறுபடி வந்த பத்திரிகையை எடுத்து வந்து காட்டினார். நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கமலாதேவி வேறு மாதிரி. கதவைத் திறந்ததும், "வாங்கோ, வாங்கோ. செத்த வீட்டில தேத்தண்ணி குடிக்கலாமோ எண்டு யோசிக்காதேங்கோ" என்றார். அவருடைய மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இரண்டு நாளாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று மெதுவாகச் சொன்னார். பர்ஸானா நடந்ததை எட்டுக் கேள்விக்குறிகள் வரை விளக்கினார். கமலாதேவி கவனமாகக் கேட்டார்.

"அப்ப என்ர படம் வந்தது என்ர பெயரின்ர அளவால?"

"ஓம் அன்ரி."

"லண்டனில இருக்கிற தம்பி பத்து வருசமாக் கதைக்காதவன். அண்டைக்கு அழுதுகொண்டு எடுத்தான்" என்றார். அதன்பின் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

அடித்தளத்தைப் பராமரிப்பவர்களுக்குப் பர்ஸானா எழுதிய அறிக்கையை நான் பல தடவை படித்திருக்கிறேன். முன்பு இப்படி, இப்போது இப்படி, இதைக் காண மிகச் சிறிய வழி இது, இந்த மாற்றத்திலிருந்து தொடங்குகிறது. புகாரும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதில் உடனே வந்தது. அந்த மாற்றத்தைச் செய்தவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நாங்கள் ஒருபோதும் வாக்களிக்கவில்லை, ஒப்ஷனைத் தெளிவாகக் கொடுப்பதே முறை, ஆகவே இது பிழையல்ல.

நான் பர்ஸானாவின் பின்னால் நின்று படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை, அல்லது வெளியில் தெரியவில்லை. நின்றுகொண்டே யோசித்தார், பிறகு அமர்ந்து பதில் அடித்தார். வாக்களிக்கவில்லை என்பது உண்மை; ஆனால் அத்தனை வருடமும் அது நடந்தது, ஆட்கள் அதை நம்பிப் பெயர் வைத்தார்கள். இந்த மாற்றத்தால் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் படம் மரண அறிவித்தலில் வந்தது. ஒரு தொழிலாளிக்கு வேலை போகப் பார்த்தது. அந்த இருவரில் யாராவது உங்கள் கையேட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? இவ்வளவுதான் எழுதினார்.

சில நாள் அமைதி. வேறு இடங்களிலிருந்து இரண்டொருவர் தங்களுக்கும் இதுவே நடந்ததென்று எழுதினார்கள். ஒருவருக்குத் தாய்லாந்துப் பெயர்கள், இன்னொருவருக்கு அரபுப் பெயர்கள். கடைசியில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மூத்தவர் வந்து, பாவனையாளர்களின் வேலை உடைந்தால் அது பிழைதான், மாற்றத்தைத் திருப்பி எடுக்கிறோம் என்று முடித்துவைத்தார். மாற்றத்தைச் செய்தவரே அதைத் திருப்பி எடுத்தார். கையேட்டிலும் ஒரு வரி சேர்த்தார். பர்ஸானாவுக்கு நன்றி என்று எழுதி, ஒரு வேண்டுகோளும் வைத்தார். இது மறுபடி நடக்காதிருக்க ஒரு சோதனை சேர்க்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு தமிழ்ப் பெயர்கள் தருவீர்களா?

பர்ஸானா நேரே கமலாதேவியை அழைத்தார். "போடுங்கோ பிள்ளை, உயிரோட இருக்கிற ஆளின்ர பெயர் எண்டு எழுதிப் போடுங்கோ" என்றாராம். டிலானி வேண்டாம் என்றார். அம்மாவின் பெயர் பட்டது போதும் என்றார். அது நியாயம். இன்னொரு எட்டைத் தேட நான் பலகையில் பெயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பர்ஸானா வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, வி, ஜ, ய, ரா, ணி என்று எழுதி எண்ணினார். இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு.

பத்திரிகை அந்த வருடத்தோடு வேறு மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்விட்டது. மகேந்திரன் கொஞ்ச நாள் பர்ஸானாவோடு வேலை விஷயம் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை ஒரு களஞ்சியத்தில் எங்களால் ஒன்று பழுதானபோது, அவர்களுக்கு அனுப்பிய பதிலின் முதல் வரியில் "பிழை எங்களுடையது" என்று தன் கையாலேயே சேர்த்தார்.

அந்தச் சோதனை உள்ளே சேர்க்கப்பட்ட செய்தி வந்ததும் விஜயராணிக்குச் சொன்னேன். நம்பவில்லை. ஒரு மதிய இடைவேளையில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பர்ஸானா தன் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அந்த மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியில் போகும் முன் இந்தச் சோதனைகளில் தேற வேண்டும் என்று விளக்கிவிட்டு, ஓடவிட்டார். கறுப்புத் திரையில் வரிகள் வேகமாக மேலே ஓடின. எந்த நாட்டு எழுத்தென்று தெரியாத பெயர்கள் எல்லாம் போயின. நடுவில் ஒரு கணம் கமலாதேவி, அதற்குக் கீழே விஜயராணி, இரண்டின் எதிரிலும் சரி என்ற குறி. கண்ணில் பட்டு மறைந்தது.

விஜயராணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய்க்குள் தன் பெயரை ஒரு தடவை வாசித்தார்.

"மிஸ், இன்னொருக்கா ஓட விடுங்களேன்" என்றார்.

பர்ஸானா குனிந்து மறுபடி ஓடவிட்டார்.